சிறு முதலீட்டில் கிரிப்டோ மைனிங்: திரையில் தெரிந்த தொகையும் கைக்கு வந்த தொகையும்

கிரிப்டோ மைனிங், அதாவது கணினியின் கணக்கிடும் சக்தியைக் கொடுத்து அதற்குப் பரிசாகக் கிரிப்டோ காசைப் பெறுவது, எப்படி என்று கற்றுக்கொடுக்க எனக்கு ஏராளமானவர்கள் கிடைத்தார்கள். எந்த கிராஃபிக்ஸ் கார்டை வாங்க வேண்டும், எந்த மென்பொருளை நிறுவ வேண்டும், பலர் சேர்ந்து மைனிங் செய்து கிடைப்பதைப் பிரித்துக்கொள்ளும் குழுவான பூல்களில் எதில் சேர வேண்டும் என்பதற்கெல்லாம் கேட்டவுடன் பதில் வந்தது. மைனிங்கில் சேர்ந்த காசு எந்த வழியாக என் கைக்கு வந்து சேரும், வரும் வழியில் எங்கெங்கே கரையும், எந்த இடத்தில் அப்படியே நின்றுபோகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஒரு சிறு தொகையோடு 2021-ஆம் ஆண்டின் இறுதியில் இதில் இறங்கினேன். வெளியே வந்தபோது அதில் பாதிக்கும் குறைவாகவே என்னிடம் மிஞ்சியிருந்தது. இடையில் நடந்த எதையும் வெகுகாலம் வீட்டில் சொல்லவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. அதே அளவு பணத்தோடு இன்று இறங்க நினைப்பவர்கள் இதையெல்லாம் தனியாகப் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் தொடங்கிய காலத்தில் சந்தை உச்சத்தில் இருந்தது. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரையும் எத்தீரியம் வலைப்பின்னலின் காசான ஈதர் ஒன்று 4,800 டாலரையும் ஒட்டிச் சென்றன. பிட்காயினை வீட்டுக் கணினியில் மைனிங் செய்ய முடியாது என்பது விசாரித்த முதல் வாரத்திலேயே தெளிவாகிவிட்டது. அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏசிக் இயந்திரங்கள் 2013 முதலே வந்துவிட்டன. 2016-இல் வெளிவந்து இப்போது மிகப் பழையதாகிவிட்ட ஆன்ட்மைனர் எஸ்9 கூட நொடிக்குச் சுமார் 13 டெராஹேஷ் (13 லட்சம் கோடி முயற்சிகள்) வேகத்தில் ஓடும். அதற்கு ஏறத்தாழ 1,300 வாட் மின்சாரம் வேண்டும். மேசையின் மேல் வைத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பிட்காயின் மைனர்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் நல்லதொன்று ஒரு டெராஹேஷ் வேகம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த வலைப்பின்னலின் வேகத்தை 600 எக்ஸாஹேஷ் (ஓர் எக்ஸா என்பது பத்து லட்சம் டெரா) என்று எடுத்துக்கொண்டால், பரிவர்த்தனைகளின் தொகுப்பான ஒவ்வொரு பிளாக்கிலும் பரிசை வெல்ல அந்த இயந்திரத்துக்கு இருப்பது 60 கோடியில் ஒரு வாய்ப்பு. பத்து நிமிடத்துக்கு ஒன்று என ஆண்டுக்கு 52,560 பிளாக்குகள்தாம் உருவாகின்றன. சராசரியாக ஒரு பிளாக் கிடைக்க 11,000 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கற்றுக்கொள்வதற்காக அதை வாங்குபவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால், மாத வருமானம் தரும் பொருள் என்று சொல்லி யாராவது விற்றால், இந்தக் கணக்கை அவர்களிடமே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எனவே எனக்கு மிஞ்சியது ஈதர். அதை அப்போது சாதாரண கிராஃபிக்ஸ் கார்டிலேயே மைனிங் செய்ய முடிந்தது. பயன்படுத்திய கார்டுகள் மூன்றை வாங்கினேன். மிக மலிவாக வந்த 4 ஜிபி கார்டுகளைத் தவிர்த்தது நல்லதாயிற்று. ஈதர் மைனிங்குக்குத் தேவையான டேக் (DAG) என்ற கோப்பு கார்டின் நினைவகத்தில் முழுதாக அமர வேண்டும்; நாளாக ஆக வளர்ந்துகொண்டே வந்த அந்தக் கோப்பு 2020-இன் இறுதியில் 4 ஜிபி கார்டுகளால் தாங்க முடியாத அளவை எட்டிவிட்டது. விற்றவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. கார்டின் வேகத்தையும் மின்கட்டணத்தையும் கொடுத்தால், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று காட்டும் கால்குலேட்டர்கள் இணையத்தில் இருக்கின்றன. அவை இன்றைய விலையும் இன்றைய டிஃபிகல்டியும் (ஒரு பிளாக்கை உருவாக்குவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) கடைசி நாள் வரை மாறாது என்று எடுத்துக்கொண்டு பெருக்கிக் காட்டுகின்றன. விலை உயரும்போது புதிதாகப் பலர் சேர்வதால் டிஃபிகல்டியும் உயர்ந்து, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. விலை விழும்போதோ டிஃபிகல்டி உடனே அதே அளவுக்கு இறங்குவதில்லை. ஆகவே அந்தக் கணக்கைப் போடும்போது விலையைப் பாதியாகவும் டிஃபிகல்டியை ஒன்றரை மடங்காகவும் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் மின்கட்டணம் போக ஏதாவது மிஞ்சினால் மட்டுமே கார்டின் விலையைப் பற்றிப் பேசலாம்.

மின்சாரக் கணக்கில் எனக்குக் கிடைத்த அதிர்ச்சி வேறு வகையானது. மைனிங் மென்பொருள் மூன்று கார்டுகளும் சேர்ந்து 330 வாட் எடுப்பதாகக் காட்டியது. முதல் மாத மின்கட்டணம் அதற்குப் பொருந்தவில்லை. பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் செருகும் ஒரு சிறிய மீட்டரை வாங்கிப் பொருத்தியபோதுதான், கணினி மொத்தமாக 450 வாட் இழுப்பது தெரிந்தது. சில கார்டுகளில் மென்பொருள் காட்டுவது மையச் சில்லின் செலவை மட்டுமே. நினைவகம், விசிறிகள், மதர்போர்டு ஆகியவற்றின் செலவும், பவர் சப்ளை வெப்பமாக இழக்கும் பங்கும் அதில் வருவதில்லை. 120 வாட் வித்தியாசம் என்பது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் இயந்திரத்தில் மாதத்துக்கு 86 யூனிட்டுக்கு மேல். பல இடங்களில் பயன்பாடு கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும் என்பதால், மைனிங்குக்கான செலவைச் சராசரி விலையில் போடாமல் கடைசியாகச் சேரும் யூனிட்டின் விலையில் போட வேண்டும். நான் கார்டுகளின் மின்னழுத்தத்தையும் வேக வரம்பையும் குறைத்து ஓட்டத் தொடங்கியதும் செலவு கணிசமாக இறங்கியது. ஹேஷ்ரேட் என்ற மைனிங் வேகம் மிகச் சிறிதளவே குறைந்தது. மீட்டரை முதல் நாளே வாங்கியிருக்கலாம். இந்த முயற்சியில் வாங்கிய பொருள்களிலேயே விலைக்கு முழு மதிப்பு தந்தது அதுதான்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தொன்றும் இங்கே இருக்கிறது. இதைச் சொல்லாமல் கடக்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகளை ஒரே மதர்போர்டில் இணைக்க ரைசர் என்ற இணைப்புப் பலகை வேண்டும். அதற்கு மின்சாரம் கொடுக்க, ஹார்ட் டிஸ்க்குக்குப் பயன்படும் சாட்டா இணைப்பிலிருந்து மாற்றி இழுக்கும் ஒரு வயர் ரைசருடனேயே வருகிறது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் மொத்தமாகத் தாங்கக்கூடியது 54 வாட். ஒரு கார்டு, தான் செருகப்பட்ட ஸ்லாட்டின் வழியாக, 75 வாட் வரை இழுக்கலாம். இந்த இரண்டு எண்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, ஓர் இரவு பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், வெள்ளையாக இருந்த இணைப்பு பழுப்பேறி, ஒரு முனை உருகி வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தபோது பிளாஸ்டிக் நூலாக நீண்டது. அடுத்த அறையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் ஆறு முனை பிசிஐஇ வயரை மட்டுமே ரைசருக்குக் கொடுங்கள், ஒரே வயரில் இரண்டு மூன்று ரைசர்களைத் தொங்கவிடாதீர்கள், அறையில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இரவில் ஓட்டாதீர்கள்.

2022-இல் விலைகள் சரியத் தொடங்கின. மே மாதத்தில் டெர்ரா–லூனா என்ற கிரிப்டோ காசுகள் கவிழ்ந்தன. ஜூனில் ஈதர் 1,000 டாலருக்கும் கீழே போனது. தினமும் காலையில் எழுந்தவுடன் பூலின் கணக்கைத் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. காசின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் செப்டம்பரில் காத்திருந்தது. எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டு, காசை அடமானமாக வைத்திருப்பவர்களே பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் புரூஃப் ஆஃப் ஸ்டேக் முறைக்கு மாறப்போவது ரகசியமான செய்தியில்லை. அதற்கான பீக்கன் செயின் 2020 டிசம்பரிலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் மாற்றம் பலமுறை தள்ளிப்போனதால், இனியும் தள்ளிப்போகும் என்றே மைனிங் செய்தவர்களில் பலர் பேசிக்கொண்டார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மாற்றம் நடந்து முடிந்தது. அன்று முதல் என் கார்டுகளுக்கு அந்த வலைப்பின்னலில் வேலை இல்லை. எந்தக் காசுக்காக இயந்திரம் வாங்குகிறீர்களோ, அந்தக் காசை உருவாக்குபவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். பிட்காயினில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு பிளாக்குக்குக் கிடைக்கும் பரிசு பாதியாகிறது. 2024 ஏப்ரலில் அது 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆனது. இப்படி முன்கூட்டியே தெரிந்த தேதிகள் எல்லாம் உங்கள் கணக்கில் இடம்பெற வேண்டும்.

மாற்றத்துக்குப் பிறகு வேறு காசுகளுக்குத் தாவலாம் என்ற யோசனை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின், எர்கோ போன்றவற்றுக்குக் கார்டுகள் மொத்தமாகத் திரும்பியதால், ஓரிரு நாளிலேயே அவற்றின் டிஃபிகல்டி பல மடங்கு ஏறி, கிடைத்தது மின்கட்டணத்துக்குக்கூடப் போதாமல் போயிற்று. கார்டுகளை விற்கலாம் என்றால், அதே வாரம் ஊரே கார்டு விற்றுக்கொண்டிருந்தது. இரண்டு கார்டுகளை அடிமாட்டு விலைக்குத்தான் தள்ள முடிந்தது. நான் இழந்ததில் பெரும்பங்கு இந்த ஒரே இடத்தில் போனது. வர்த்தகத்தில் இழந்ததெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். இயந்திரத்தில் போடும் பணத்தைக் கணக்கிடும்போது, அதன் மறுவிற்பனை விலையை நான்கில் ஒரு பங்காக வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. காசின் விலை விழும் அதே நேரத்தில்தான் கார்டின் விலையும் விழும்.

மிச்சமிருந்த ஒரு கார்டின் சக்தியை வாடகைக்கு விட்டு, அதற்குரிய தொகையைப் பிட்காயினாகப் பெறும் முறைக்கு மாறினேன். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. பிட்காயினை வைத்துச் செலவழிக்கப் பயன்படும் மென்பொருளான வாலட்டில் இருப்பு ஒரே எண்ணாகத் தெரிந்தாலும், உள்ளே ஒவ்வொரு வரவும் தனித்தனித் துண்டாகவே கிடக்கிறது. அதைச் செலவழிக்கும்போது, எத்தனை துண்டுகளைச் சேர்க்கிறோமோ அதற்கேற்பப் பரிவர்த்தனையின் அளவு பெருகும்; கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்ததன்று, அந்த அளவைப் பொறுத்தது. இப்போது பரவலாகப் பயன்படும் செக்விட் என்ற வகை முகவரியில் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 68 வைட் (பரிவர்த்தனையின் அளவைக் குறிக்கும் அலகு) ஆகும். ஒரு வைட்டுக்கு 10 சாட்டோஷி (ஒரு சாட்டோஷி என்பது பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) கட்டணம் என்றால் 680 சாட்டோஷி போகும். அது பெரிய விஷயமில்லை. கட்டணம் 300 சாட்டோஷிக்கு ஏறும் நாளில் அதே துண்டைச் செலவழிக்க 20,400 சாட்டோஷி வேண்டும். என் வாலட்டில் இருந்த துண்டுகளில் பல 10,000 சாட்டோஷிதான். 2024 ஏப்ரலில் பரிசு பாதியான நாளில் பிட்காயின் வலைப்பின்னலில் உருவாக்கப்படும் ரூன்ஸ் டோக்கன்களால் நெரிசல் ஏற்பட்டு, சராசரிக் கட்டணமே 100 டாலரைத் தாண்டியது. கண்ணெதிரே இருந்த என் காசைத் தொட முடியாமல் அன்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பூலில் குறைந்தபட்ச வழங்கல் தொகையை இயன்றவரை உயர்த்தி வைத்து, கட்டணம் மிகக் குறைவாக இருக்கும் ஒரு நாளில் சிறு துண்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து உங்கள் முகவரிக்கே அனுப்பிவிடுங்கள். ஆனால் தொகையைப் பூலிலேயே பல மாதம் விட்டுவைப்பதும் ஆபத்துதான்; இரண்டுக்கும் நடுவே ஓர் அளவை நீங்களே தேர்ந்துகொள்ள வேண்டும்.

காசை வாங்கி விற்கும் இணையச் சந்தையான எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது வலைப்பின்னலின் பெயரைப் பொருத்திப் பார்ப்பது மிக அவசியம். கட்டணத்தைக் குறைக்கச் சில பூல்கள் பாலிகன் போன்ற துணை வலைப்பின்னல்கள் வழியாக ஈதரை அனுப்பின. பெறும் எக்ஸ்சேஞ்ச் அந்த வலைப்பின்னலை ஏற்காவிட்டால், முகவரி சரியாக இருந்தாலும் காசு கணக்கில் ஏறாது. எக்ஸ்ஆர்பி போன்ற காசுகளுக்கு முகவரியோடு, யாருடைய கணக்கு என்று காட்டும் டேக் (Tag) எண்ணும் வேண்டும். நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது வேறொரு முகவரியாக மாற்றிவிடும் தீம்பொருள்களும் உலவுவதால், முதலில் மிகச் சிறு தொகையை அனுப்பி, அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே மீதியை அனுப்புவது என் வழக்கம். இதற்காகும் கூடுதல் கட்டணத்தை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

வர்த்தகத்துக்கு வருவோம். சிறு முதலீட்டில் வர்த்தகம் செய்பவரை முதலில் தின்பது கட்டணம். வாங்க 0.1 சதவீதம், விற்க 0.1 சதவீதம் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். முழு முதலீட்டையும் வைத்து நாளொன்றுக்கு இரண்டு முறை வாங்கி விற்றால், முப்பது நாளில் முதலீட்டில் 12 சதவீதம் கட்டணமாகவே போய்விடும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி இதற்கு மேல். என் வர்த்தகக் குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, விலை ஏற்ற இறக்கத்தில் நான் ஏறத்தாழச் சமமாகவே நின்றிருந்தேன். நட்டம் முழுவதும் கட்டணத்தால் வந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்தது கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. லீவரேஜ், அதாவது வைத்த பணத்தைப் போலப் பல மடங்கு தொகைக்குக் கடனில் வர்த்தகம் செய்வது, இன்னும் கடுமையானது. பத்து மடங்கு லீவரேஜில், விலை உங்களுக்கு எதிராக 10 சதவீதம் நகர்வதற்குச் சற்று முன்பே உங்கள் வர்த்தக நிலை தானாக மூடப்பட்டு, வைத்த பணம் போய்விடும். முடிவுத் தேதி இல்லாத லீவரேஜ் ஒப்பந்தங்களில், பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரு தரப்பு வர்த்தகர்களுக்கும் இடையே கைமாறும் ஃபண்டிங் கட்டணமும் உண்டு. ஓர் இரவில் விலை சட்டென்று கீழே பாய்ந்து என் நிலை மூடப்பட்டது. விடிந்தபோது விலை பழைய இடத்துக்கே வந்திருந்தது. திசையைச் சரியாகக் கணித்திருந்தும் பணம் திரும்பவில்லை. சிறு தொகை உள்ளவர்களுக்கு லீவரேஜ் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் உச்சமாக, நான் பயன்படுத்திய சிறிய எக்ஸ்சேஞ்ச் ஒன்று பராமரிப்புப் பணி என்று அறிவித்துப் பணம் எடுப்பதை நிறுத்தியது. உள்ளே வாங்கலாம், விற்கலாம், இருப்பைப் பார்க்கலாம். வெளியே மட்டும் எடுக்க முடியாது. ஓரிரு நாள் என்றார்கள், பிறகு வாரங்கள் ஓடின, மாதங்கள் ஓடின. அடையாள ஆவணங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அனுப்பியதற்கு வந்ததெல்லாம் ஒரே மாதிரியான தானியங்கிப் பதில். அது நடந்தது பெரிய நிறுவனங்களே விழுந்த காலம். கிரிப்டோ கடன் நிறுவனமான செல்சியஸ் 2022 ஜூனில் பணம் எடுப்பதை நிறுத்தி, அடுத்த மாதமே திவால் மனு கொடுத்தது; நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் திவாலானது. 2014-இல் விழுந்த மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சில் பணம் வைத்திருந்தவர்களுக்குப் பிட்காயின் திரும்ப வரத் தொடங்கியது 2024-இல்தான். இதையெல்லாம் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். பின்னால் ஒரு சிறிய அளவுக்குப் பணம் எடுக்க அனுமதித்தார்கள். என் தொகையில் ஒரு பகுதி வந்தது, மற்றது வரவில்லை. புதிய எக்ஸ்சேஞ்ச் எதிலும் சேர்ந்தால், சிறு தொகையைப் போட்டு, ஒரு முறை வாங்கி விற்று, அதை வங்கிக் கணக்கு வரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ரூபாயைப் போட வேண்டும். உடனடி வர்த்தகத்துக்குத் தேவையில்லாத காசை உங்கள் சொந்த வாலட்டில் வைத்திருங்கள்.

பணம் முடங்கியிருப்பதைப் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கியதுமே, மீட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் தேடி வந்தார்கள். ஒருவர் எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவு என்று அறிமுகப்படுத்திக்கொண்டு வாலட்டின் சீட் ஃபிரேஸைக் கேட்டார். அந்த 12 அல்லது 24 சொற்கள் கையில் இருந்தால் வாலட் முழுவதும் அவர் கையில் இருப்பதாகப் பொருள். உண்மையான உதவிப் பிரிவு அதைக் கேட்கவே கேட்காது. இன்னொருவர் மிகக் கண்ணியமாகப் பேசி, என் தொகை முழுவதும் மீட்கப்பட்டுவிட்டதாகத் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, அதை விடுவிக்க 15 சதவீதம் வரியாக முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தேன். அன்றுதான் முதல்முறையாக அக்காவிடம் நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். கிரிப்டோ பற்றி எதுவும் தெரியாத அவள், அந்தச் செய்தியை ஒருமுறை படித்துவிட்டு, "உனக்குப் பணம் தர வேண்டியவன் எதுக்கு உன்கிட்ட பணம் கேக்குறான்? அவன் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தரலாமே" என்றாள். அதே கேள்வியை நான் எழுதி அனுப்பியதும் அந்த மனிதரிடமிருந்து பதில் வருவது நின்றுபோயிற்று.

உங்கள் பணம் எங்காவது இப்படி முடங்கினால், முதல் நாளே இருப்புப் பக்கத்தையும், பணம் போட்ட ஒவ்வொரு பரிவர்த்தனையின் அடையாள எண்ணையும், அவர்களிடமிருந்து வந்த மின்னஞ்சல்களையும் சேமித்துவிடுங்கள். கணக்குக்குள் நுழையும் வழியே சில வாரங்களில் மூடப்படலாம். மைனிங்கில் கிடைத்த ஒவ்வொரு வரவையும் தேதியோடும் அன்றைய விலையோடும் குறித்து வையுங்கள். பல நாடுகளில் அது கிடைத்த நாளின் மதிப்பிலேயே வருமானமாகக் கொள்ளப்படுவதால், வரிக் கணக்குக்கும் அதுதான் ஆதாரம். உங்கள் நாட்டில் இணையக் குற்றங்களுக்கென இருக்கும் அரசுப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து, ஏற்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்; அடுத்து யாருக்காவது பணம் அனுப்பும் முன் அந்தச் செய்தியை அவரும் ஒருமுறை படிக்கட்டும்.